கயோட்டி உலவும் ஊரில் கோழி வளர்ப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவிலோ கனடாவிலோ தனிவீடு வாங்கி, கொல்லைப்புறமும் கிடைத்துவிட்டால் நம்மவர்கள் முதலில் கறிவேப்பிலை வைக்கிறார்கள், அப்புறம் முருங்கை, அதற்கும் அப்புறம் கோழி. 2022இல் பறவைக் காய்ச்சல் பரவி முட்டை விலை எகிறியதிலிருந்து இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. ஊரில் பாட்டி பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் படுக்கப் போனதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கோழியைக் காப்பது ஒரு வேலையாகவே தெரியாது. இங்கே ராத்திரியில் வருகிறவர்கள் வேறு. கீரிக்கும் மரநாய்க்கும் பதிலாக கயோட்டி (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய காட்டு விலங்கு), ரக்கூன் (முகமூடி போட்டது போல் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை உள்ளது), ஒப்போசம் (பூனை அளவுள்ள, வயிற்றில் பை உள்ள விலங்கு), ஸ்கங்க் (நாற்றத்தைப் பீச்சுவது), வீசல், மிங்க் (இரண்டும் கீரியைப் போல நீண்ட, ஒல்லியான உடம்புள்ளவை), கொம்பு ஆந்தை என்று ஒரு பட்டாளமே இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கயோட்டியைப் பற்றித்தான். அது ஊளையிடுவது காதில் விழுகிறது, பக்கத்து வீட்டு டோர்பெல் கேமராவில் பதிவாகிறது, பயம் வருகிறது. பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் கூட்டைக் கட்டும்போது ரக்கூனின் கையை மனதில் வைத்துக் கட்டுங்கள். ரக்கூனும் வீசலும் நுழைய முடியாத கூட்டுக்குள் கயோட்டி நுழைய வழியே இல்லை. கயோட்டிக்காக ஆறடி வேலியை எழுப்பிவிட்டு, கூட்டுக்கு ஒரு சாதாரணக் கொக்கியை மாட்டியவர்கள்தான் காலையில் தலையில்லாத கோழியைப் பார்க்கிறார்கள்.

கோழி வாங்கும் முன்

உங்கள் நகராட்சியின் விதிகளைப் படியுங்கள். எத்தனை கோழி வரை வைக்கலாம், வேலியிலிருந்து கூடு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டுமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். சேவலுக்குப் பெரும்பாலான நகரங்களில் இடமில்லை. வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் விதி தனி. நகராட்சி சம்மதித்தாலும் சங்கம் மறுக்கலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் தங்கள் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) எக்ஸ்டென்ஷன் எனப்படும் வேளாண் ஆலோசனை அலுவலகத்தை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுவது நல்லது. 1914இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், மாநிலப் பல்கலைக்கழகங்கள் வழியாக நடக்கும் அலுவலகம் இது. உங்கள் பகுதியில் எந்த மிருகம் தொல்லை, எந்த மாதத்தில் அதிகம் என்று சும்மாவே சொல்வார்கள்.

கூடு முழுதாகத் தயாரான பிறகுதான் குஞ்சு வாங்க வேண்டும். இளவேனிலில் தீவனக் கடையில் கீச்கீச்சென்று கத்தும் மஞ்சள் குஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நகரமாட்டார்கள். அட்டைப்பெட்டியில் வெப்ப விளக்கின் கீழ் ஆறு வாரம் வளர்த்தபின் அவை வெளியே போயாக வேண்டும். அந்த ஆறு வாரத்தில் கூடு கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், கடைசியில் இணையத்தில் மலிவாக வரும் மெல்லிய மரக்கூட்டை அவசரமாக வாங்குவார்கள். அந்தக் கூடுகளின் படம் அழகாக இருக்கும். பலகை விரலால் அழுத்தினாலே வளையும், வலையைச் சின்ன ஸ்டேப்பிளில்தான் பிடித்திருப்பார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப்போட வேண்டாம். கீழே சொல்கிறபடி வலையையும் தாழ்ப்பாளையும் மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வருகிறவர்களை அறிந்துகொள்ளுங்கள்

கயோட்டி பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ எடை இருக்கும். ஹவாயைத் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் உண்டு, கனடாவிலும் பரவலாக உண்டு. காடு கிட்டத்தில் இல்லையே என்று நினைக்க வேண்டாம்: சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்டியில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஆய்வாளர்கள் கயோட்டிகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்கிறார்கள். கட்டடங்களுக்கு நடுவிலேயே அவை குடும்பம் நடத்துகின்றன, மனிதர்கள் இருக்கும் இடத்தில் நடமாட்டத்தை ராத்திரிக்கு மாற்றிக்கொள்கின்றன. அவற்றின் அன்றாடச் சாப்பாடு எலி வகைகள், முயல், பழம். கோழி கிடைத்தால் விடாது, அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். அதற்குப் பிந்தைய கோடை மாதங்களில் குட்டிகளுக்கு இரை தேடிப் பட்டப்பகலிலும் வரும். சிவப்பு நரியும் இதே ரகம், உருவம்தான் சிறியது.

ரக்கூனுக்கு விரல்கள் இருக்கின்றன, அதுதான் சிக்கல். சாதாரணக் கொக்கி, இழுக்கும் தாழ்ப்பாள், திருகும் குமிழ் எல்லாவற்றையும் தடவித் தடவித் திறந்துவிடும். திறக்க முடியாவிட்டால் வலைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு வலையின் கண்களுக்குள் கையை விடும். உள்ளே மிரண்டு ஓடும் கோழி வலையோரம் வந்தால் காலையோ கழுத்தையோ பிடித்து, கைக்கு வந்த மட்டும் இழுத்துத் தின்னும். பெரிய கண் வலை போட்ட கூடுகளில் இது நடக்கும்.

வீசலும் மிங்க்கும் ஒல்லியானவை. ஓர் அங்குல ஓட்டை போதும். எளிய சோதனை ஒன்று: 25 சென்ட் நாணயம் நுழைகிற சந்து எங்கே இருந்தாலும் அது வீசலுக்கு வாசல். உள்ளே புகுந்துவிட்டால் ஒன்றோடு நிறுத்தாது. கூட்டில் இருப்பதையெல்லாம் பின்கழுத்தில் கடித்துக் கொன்று போட்டுவிடும்.

ஒப்போசமும் ஸ்கங்க்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். பாம்பில் ராட் ஸ்நேக் எனப்படும் நஞ்சில்லாத வகை, நம் ஊர்ச் சாரையைப் போலத்தான், முட்டையை ஓட்டோடு விழுங்கும். பகலில் மேலிருந்து வருவது பருந்து வகைகள், ராத்திரியில் கொம்பு ஆந்தை. இத்தனையையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: பக்கத்து வீட்டு நாய். அவிழ்ந்து வந்த நாய் விளையாட்டாகவே பத்து நிமிடத்தில் மொத்தக் கோழியையும் முடித்துவிடும், ஒன்றையும் தின்னாது.

கூடு: பணத்தை இங்கே செலவிடுங்கள்

இங்கே கோழி அடையும் இடத்தைக் கூப் என்பார்கள், அதை ஒட்டி வலைபோட்டுப் பகலில் உலாவ விடும் இடத்தை ரன் என்பார்கள். ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி, ரன்னில் 10 சதுர அடி என்பது பொதுவான கணக்கு. ஆறு கோழிக்கு 24, 60. இதைவிடக் குறைத்தால் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும்.

வலை விஷயத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கடையில் சிக்கன் ஒயர் என்று எழுதி வைத்திருக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்க மட்டும்தான் உதவும். கயோட்டி பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும், ரக்கூனுக்குக் கை நுழையும். நீங்கள் வாங்க வேண்டியது ஹார்டுவேர் கிளாத் என்னும் கம்பி வலை: அரை அங்குலக் கண், 19 கேஜ் கம்பி, துத்தநாகப் பூச்சு. 23 கேஜ் என்று விலை குறைவாக ஒன்று இருக்கும், அதன் கம்பி மெல்லியது, வேண்டாம். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள்.

வலையை ஸ்டேப்பிள் துப்பாக்கியால் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்டேப்பிள் தற்காலிகமாகப் பிடித்து வைக்க மட்டும். அதன்மேல் அகலமான வாஷர் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும், அரையடிக்கு ஒன்றாக. மரச்சட்டத்தின் உள்பக்கம் அடிப்பதைவிட வெளிப்பக்கம் அடிப்பது நல்லது. வெளியிலிருந்து ஒரு மிருகம் தள்ளும்போது வலை சட்டத்தின்மேல் அழுந்தும், பிடுங்கிக்கொண்டு வராது. வலையின் விளிம்பைப் பிடித்து இழுக்க முடியாதபடி அதன்மேல் ஒரு மெல்லிய மரப்பட்டையை வைத்து ஸ்க்ரூ போட்டால் இன்னும் உறுதி. வெட்டிய கம்பி முனை கையைக் கிழிக்கும், தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டைக் காற்றுப்புகாமல் அடைத்துவிடக் கூடாது. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் வெளியேற வழி வேண்டும். பனிக்காலத்தில் ஈரம் தங்கினால் கொண்டை உறைந்து கறுத்துப்போகும். கூரைக்குச் சற்றுக் கீழே, நாலு பக்கமும் காற்றுவழி விட்டு, அத்தனையிலும் அதே அரை அங்குல வலையை அடியுங்கள். சன்னலின் கொசுவலையை நம்ப வேண்டாம்.

தாழ்ப்பாள் எல்லாமே இரண்டு வேலை செய்தால்தான் திறக்க வேண்டும்: அழுத்திக்கொண்டே தூக்குவது, தூக்கிக்கொண்டே திருப்புவது என்று. இருக்கிற தாழ்ப்பாளையே வைத்துக்கொள்ளலாம் என்றால், அதன் ஓட்டையில் மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கேரபினர் கொக்கி ஒன்றை மாட்டுங்கள். ஆள் நுழையும் கதவுக்குப் போட்டுவிட்டு, முட்டை எடுக்கும் பெட்டியின் மூடியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். ரக்கூன் மறக்காது, அங்கேதான் முதலில் போகும்.

தோண்டுகிறவர்களுக்கு

கயோட்டி, நரி, ஸ்கங்க், நாய் எல்லாம் சுவர் ஓரத்தில் தோண்டும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று சுரங்கம் போடலாமே என்று அவற்றுக்குத் தோன்றுவதில்லை. இதை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். ரன்னைச் சுற்றி அதே ஹார்டுவேர் கிளாத்தை, சுவரோடு சேர்த்துப் பிணைத்து, வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குத் தரையில் படுக்க வையுங்கள். தோட்டக் கடையில் கிடைக்கும் கம்பி ஊசியால் தரையோடு குத்தி, மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விடுங்கள். கொஞ்ச நாளில் புல் முளைத்து மூடிவிடும், புல்வெட்டும் இயந்திரம்கூட மேலே போகலாம். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டி வலையைப் புதைக்கும் முறையும் உண்டு. அது முதுகு ஒடிகிற வேலை, பலனும் அதேதான். கம்பம் நடவோ எதற்கோ தோண்டுவதாக இருந்தால் அமெரிக்காவில் 811க்கு முதலில் அழையுங்கள். பூமிக்கு அடியில் எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று வந்து குறித்துக் கொடுப்பார்கள்.

மேலிருந்து வருகிறவர்களுக்கு

ஆறடி வேலியைக் கயோட்டி தாண்டும். குதித்து முன்கால்களை விளிம்பில் போட்டு, பின்கால்களால் உந்தி ஏறிவிடும். வேலியின் மேல் விளிம்பில் உருளும் குழாய் மாட்டினால் கால் பிடிப்புக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் அறுபது சதுர அடி ரன்னுக்கு அந்தச் செலவு எதற்கு? மேலேயும் வலை போட்டு மூடிவிடுங்கள். கயோட்டி, ரக்கூன், பருந்து, ஆந்தை நாலுக்கும் ஒரே பதில். முடிந்தால் தகரமோ பாலிகார்பனேட் தகடோ போட்ட கூரை இன்னும் நல்லது. மழையில் சேறாகாது, காட்டுப் பறவைகளின் எச்சம் விழாது என்பதால் பறவைக் காய்ச்சல் பயமும் குறையும்.

பிளாஸ்டிக் பறவை வலை பருந்தைத் தடுக்கும், மற்ற எதையும் தடுக்காது. மிச்சிகன், மினசோட்டா, டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஈரப்பனி ஒட்டிக்கொண்டு கனத்தால் அந்த வலை சட்டத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். சரிவான கூரையாகப் போடுங்கள். வேலி ஓரத்தில் பனி குவிந்து கெட்டிப்பட்டால் ஆறடி வேலி நாலடியாகிவிடும், அதையும் தள்ளிவிட வேண்டும்.

மின்வேலி வேண்டுமா?

இடம் பெரிதாக இருந்து, கோழிகளைப் புல்லில் மேய விட ஆசையாக இருந்தால் மின்வலை வேலி மிக நல்ல ஏற்பாடு. 42 அல்லது 48 அங்குல உயரத்தில் கிடைக்கிறது. மூக்கை வைத்து மோப்பம் பிடிக்கும் கயோட்டிக்கு ஒருமுறை சுரீரென்று பட்டால் அந்தப் பக்கம் வர யோசிக்கும். மின்சாரம் துடிப்புத் துடிப்பாகத்தான் வரும், வலிக்கும், ஆளைக் கொல்லாது. ஆனால் நிலத்தில் அடிக்கும் கம்பி சரியாக இறங்கியிருக்க வேண்டும், மண் காய்ந்துபோயிருந்தால் அடி பலமாக இருக்காது, புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் எல்லாம் புல் வழியாக வடிந்துவிடும். சோதிக்கும் கருவியை வைத்து அடிக்கடி பார்க்க வேண்டும். 3,000 வோல்ட்டுக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது. சில நகரங்களில் குடியிருப்புப் பகுதியில் மின்வேலிக்கு அனுமதியில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். பருந்துக்கு இது ஒன்றும் செய்யாது.

மின்னும் சிவப்பு விளக்கு, ராத்திரியில் பாடும் ரேடியோ, பிளாஸ்டிக் ஆந்தை பொம்மை, கயோட்டி மூத்திரம் என்று புட்டியில் விற்பது இவற்றுக்கெல்லாம் நான் பணம் செலவழிக்கச் சொல்லமாட்டேன். சில நாள் தயங்கும், அப்புறம் பழகிவிடும். காவல் நாயும் குடியிருப்புப் பகுதிக்குச் சரிவராது. கிரேட் பிரனீஸ் போன்ற மந்தைக் காவல் நாய்கள் ராத்திரி முழுக்கக் குரைப்பதுதான் தங்கள் வேலை என்று நினைப்பவை. கோழி போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு உறவு போய்விடும்.

ஒவ்வொரு சாயங்காலமும்

எவ்வளவு நல்ல கூடு கட்டினாலும் கதவைச் சாத்தாத ஒரு ராத்திரி போதும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. கொம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தூக்கிக்கொண்டு போனாலும் பேசாமல் இருக்கும். பொழுது சாயும்போது தானாகவே அடைந்துவிடும் என்பது நமக்கு வசதி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், சிகாகோவில் ஜூனில் எட்டரைக்கு அடைகிற கோழி டிசம்பரில் நாலரைக்கே அடைகிறது. நவம்பரில் கடிகாரத்தை மாற்றியதும், நீங்கள் அலுவலகத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதே கொல்லையில் இருட்டிவிடும்.

இதற்குத்தான் தானியங்கிக் கதவு. ஒளியை வைத்தோ நேரத்தை வைத்தோ மூடிக்கொள்ளும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: மூடியபின் கீழிருந்து விரலால் தூக்க முடியாதபடி தானே பூட்டிக்கொள்கிறதா, நடுவில் கோழி நின்றால் நின்றுவிடுகிறதா, உறைபனியிலும் பேட்டரி தாங்குமா. மூடியபின் வெளியே ஒரு கோழி மாட்டிக்கொண்டால் கதவுக்குத் தெரியாது. ஆகவே வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக வந்தாலும், கோழிக்கு அடியில் முட்டைப்பெட்டியில் வேறு யாராவது சுருண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒப்போசம் சத்தமில்லாமல் அங்கே படுத்திருப்பது உண்டு.

அதே நடையில் முட்டைகளை எடுத்துவிடுங்கள், தீவனத் தட்டை உள்ளே வையுங்கள். தீவன மூட்டையை இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பும் வீசலும் கயோட்டியும் வரும். மரத்தடியில் விழுந்த ஆப்பிள், பேரிக்காய், வெளியே வைத்த பூனைச் சாப்பாடு எல்லாம் இதே கணக்குத்தான்.

பகலில் தோட்டத்தில் திறந்துவிட விரும்பினால் நீங்களும் வெளியே இருக்கும்போது விடுங்கள். அவை ஓடி ஒளிய அடர்ந்த புதரோ, நாலு காலில் நிற்கும் பலகை மேசையோ இருக்கட்டும். கயோட்டி தென்பட்டால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். கையை உயர்த்தி, சட்டியைத் தட்டி, அது போகிறவரை கத்துங்கள். பாதியில் நிறுத்தினால் சும்மா கத்துகிறார் என்று அதுவும் கற்றுக்கொள்ளும்.

கோழி போய்விட்டால்

முதலில் மிச்சத்தைப் பாருங்கள். சில இறகுகள் மட்டும் கிடந்து கோழியே காணாமல் போயிருந்தால் கயோட்டி அல்லது நரி. பல கோழிகள் செத்து, தின்னாமல் கிடந்தால் நாய், கழுத்தில் சின்னக் கடி இருந்தால் வீசல் அல்லது மிங்க். வலையோரம் தலையோ காலோ இல்லாமல் கிடந்தால் ரக்கூன். திறந்தவெளியில் ராத்திரி தலையும் கழுத்தும் மட்டும் போயிருந்தால் ஆந்தை. ஓரிடத்தில் வட்டமாக இறகைப் பிடுங்கிப் போட்டிருந்தால் பருந்து. குஞ்சு செத்து, அதன் தலை ஈரமாக, இறகு ஒட்டிப்போய் இருந்தால் பாம்பு விழுங்கப் பார்த்துத் தோற்றிருக்கிறது. இதில் எதுவும் முழு நிச்சயமில்லை. ஒன்று கொன்றதை இன்னொன்று வந்து தின்றிருக்கலாம். கூட்டு வாசலில் கோலமாவை மெல்லியதாகத் தூவி வைத்தால் காலையில் தடம் தெரியும். ரக்கூனின் தடம் குழந்தையின் கை பதிந்தது போல இருக்கும், நாய் இனத்துக்கு நகம் பதியும், பூனை இனத்துக்குப் பதியாது.

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். வந்தது மறுநாளும் வரும். அன்றைக்கே ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கோழிகளைத் திறந்துவிடாமல் ரன்னிலேயே வைத்திருங்கள்.

கோபத்தில் சட்டத்தை மீறிவிடாதீர்கள். அமெரிக்காவில் பருந்தையும் ஆந்தையையும் 1918இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம், 1972 முதல், காக்கிறது. அனுமதியில்லாமல் சுடவோ பிடிக்கவோ கூடாது. கூண்டு வைத்துப் பிடித்த ரக்கூனைக் காரில் ஏற்றி வேறு பூங்காவில் விடுவது கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் குற்றம். விஷம் வைத்தால் எலியைத் தின்ற ஆந்தையும் பக்கத்து வீட்டு நாயும்தான் சாகும். ஒரு கயோட்டியை ஒழித்தாலும் காலியான இடத்துக்கு அடுத்தது வந்துவிடும். காயமே இல்லாமல் இரண்டு மூன்று கோழி திடீரென்று செத்திருந்தால் மிருகத்தைத் தேட வேண்டாம், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாமல், மாநிலக் கால்நடை அதிகாரிக்குத் தகவல் சொல்லுங்கள்.

அடிபட்டுப் பிழைத்த கோழியை உடனே தனியாக எடுங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். காயத்தை உப்புநீரால் கழுவி, கதகதப்பான, இருட்டான பெட்டியில் தண்ணீரோடு வையுங்கள். மேலே ஒரு சின்ன ஓட்டை தெரிந்தாலும் நாய், கயோட்டிக் கடி உள்ளே ஆழமாகப் போயிருக்கும், கோழி பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஊருக்குப் போகும் மாதம்

நம்மவர்களுக்கு வரும் தனிப் பிரச்சினை இது. பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போவோம். கயோட்டி குட்டிகளை வளர்க்கும் மாதமும் அதுதான். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் தீவனமும் தண்ணீரும் வைத்துவிடுவான், கதவைத்தான் மறப்பான். போவதற்கு ஒரு வாரம் முன்பே நாலைந்து சாயங்காலம் அவனையே சாத்த விட்டுப் பாருங்கள். கேரபினர் கொக்கி எத்தனை, எங்கெங்கே என்று காட்டுங்கள். தானியங்கிக் கதவுக்குப் புது பேட்டரி போடுங்கள். மொத்தம் எத்தனை கோழி என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, கூட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, தினமும் எண்ணி முடித்ததும் ஒரு படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முட்டையை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.